"கையெழுத்து மட்டும் போதும் சார்"

"பிளான் ரெடியா இருக்கு சார், உங்க கையெழுத்தும் சீலும் மட்டும் போதும்." கடலூரில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக, அதாவது கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடும் பொறியாளராகத் தொழில் செய்யும் யாருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. வரைபடத்தை வேறு யாரோ போட்டிருப்பார், மண் பரிசோதனை நடந்திருக்காது, மனை மஞ்சக்குப்பத்தில் இருக்கிறதா தேவனாம்பட்டினத்தில் இருக்கிறதா என்றுகூடக் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாது. மறுத்தால் "அவர் ரொம்ப ரூல்ஸ் பேசுவார்" என்று பெயர் வரும், அடுத்த தெருவில் வேறொருவர் போட்டுக் கொடுத்துவிடுவார்.

ஃபீஸ் கொடுப்பவர் வீட்டுக்காரர், அவர் கேட்டதைச் செய்துகொடுத்தால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்கள் நிறைய. அந்தக் கட்டடத்துக்கு வாடகைக்கு வரப்போகிறவர், பக்கத்து வீட்டுப் பாட்டி, சென்ட்ரிங் பலகை மேல் நின்று காங்கிரீட் கொட்டும் தொழிலாளி, இவர்கள் யாரும் நமக்கு ஒரு பைசா தருவதில்லை, ஆனால் விழுந்தால் இவர்கள் மேல்தான் விழும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அது கட்டி முடிக்கப்படாத கட்டடம். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் கவுன்சிலும் இருக்கின்றன, பொறியாளர்களுக்கு நாடு முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. "நம்மை யார் கேட்கப் போகிறார்கள்" என்ற தைரியம் சிலருக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, பதிவு செய்துகொண்டவர்தான் கையெழுத்தே போட முடியும், அந்தப் பதிவைப் பறிக்கவும் வழி உண்டு. அப்புறம் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா. அலட்சியத்தால் ஒருவர் இறந்தால் பிரிவு 106இன்படி 5 ஆண்டு வரை சிறை, பழைய சட்டத்தில் இது 2 ஆண்டுதான். பிரிவு 290ஐ நம் ஆட்கள் பலர் படித்ததே இல்லை. பழைய சட்டத்தில் கட்டடத்தை இடிப்பதும் பழுதுபார்ப்பதும் மட்டும் இருந்தன, இப்போது கட்டுவதும் சேர்ந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து வராமல் தடுக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டாலே போதும், யாருக்கும் காயம் படாவிட்டாலும் 6 மாதம் வரை உள்ளே போகலாம்.

நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். கடற்கரைக் காற்று நேராகப் படும் காங்கிரீட்டுக்கு காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பிக்கு 45 மி.மீ. கவரும், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டும் கேட்கிறது. சில்வர் பீச் பக்கம் தளம் போடும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த டைல்ஸ் துண்டும் ஜல்லியும் சொருகியிருக்கும், நாலு பேர் மேலே நடந்ததும் அது நழுவி, கம்பி போய் ஷட்டரிங் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அங்கேயே போட்ட போரிலிருந்து வரும், நாக்கில் வைத்தாலே கரிக்கும். கம்பி போட்ட காங்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைப் பரிசோதிக்க ஆகும் செலவு, தளம் போடும் அன்று ஆட்களுக்கு வாங்கும் பிரியாணிக் காசுக்குக்கூட வராது. சில வருஷத்தில் சன்ஷேடுக்கு அடியில் பழுப்புக் கோடு இறங்கும், கம்பி துருவேறி உப்பிக் காங்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். வீட்டுக்காரர் "பூச்சு உதிருது" என்று சிமெண்டு அப்பிப் பெயிண்ட் அடித்துவிடுவார்.

பள்ளம் தோண்டுவது இன்னொரு தலைவலி. 2024 ஜனவரியில் புதுச்சேரி ஆட்டுப்பட்டியில், கிரகப்பிரவேசத்துக்குக் காத்திருந்த புது மாடிவீடு அப்படியே சாய்ந்து விழுந்ததைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே வாய்க்கால் வேலை நடந்துகொண்டிருந்தது. யார் மேல் தவறு என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே மணலும் களியும் மாறி மாறி வரும் மண்ணில் தோண்டுகிறவர், பக்கத்து அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் என்று பார்க்காமல் பொக்லைனை இறக்கக் கூடாது. துண்டு துண்டாகத் தோண்டணும், முட்டுக் கொடுக்கணும், பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வைக்கணும்.

போனில் சம்மதம் சொல்லும் பழக்கமும் ஒழிய வேண்டும். "சார், 16 எம்எம் கம்பி கடையில இல்ல, 12 போட்டுக்கட்டுமா?" என்று மேஸ்திரி கேட்பார், இந்தப் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டே "போட்டுக்கோ" என்பார்கள். எண்ணிக்கையைக் கூட்டாமல் அப்படி மாற்றினால் இரும்பின் பரப்பு பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். 1981இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். ஒரே நீளக் கம்பியில் தொங்க வேண்டிய இரண்டு பாலங்களை, செய்வதற்கு வசதி என்று இரண்டு கம்பிகளாகப் பிரித்துவிட்டார்கள், மேல் பாலத்து இணைப்பில் பாரம் இரட்டிப்பானது. மாற்றத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, வரைபடத்தில் முத்திரை மட்டும் விழுந்தது. பொறியாளர்களின் உரிமத்தோடு நிறுவனத்தின் உரிமமும் பறிபோனது.

நாம் சொல்வதை வீட்டுக்காரர் கேட்கவில்லை என்றால்? ஜி+1க்கு, அதாவது தரைத்தளமும் ஒரு மாடியும் தாங்கப் போட்ட புட்டிங் (அஸ்திவாரம்) மேல் மூன்றாவது தளம் ஏற்றுவேன் என்று நின்றால்? முதலில் அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டுவது கணக்கில் வராது. அப்படியும் வேலை நடந்தால் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் விலகிப் போனால் கோப்பில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்லதுதான், அலைச்சல் மிச்சம். ஆனால் முன்கூட்டி வந்து பார்க்கும் அதிகாரி இல்லை என்றால், இடத்துக்குப் போய்ப் பார்க்கும் பொறுப்பு முழுக்கப் பொறியாளர் தலையில்தான். வீடு கட்டுகிறவர்கள் தயங்காமல் பதிவு எண்ணைக் கேளுங்கள். தளம் போடுவதற்கு முந்தின நாள் அவரே வந்து கம்பியைப் பார்க்கட்டும், அன்றைய காங்கிரீட்டில் கியூப் (சோதனைக்கான கனசதுரக் கட்டி) எடுத்து 28ஆம் நாள் வலிமை ரிசல்ட்டைக் காகிதத்தில் தரட்டும். அபார்ட்மெண்ட் வாங்குகிறவர்களுக்கு, சாவி வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் ரியல் எஸ்டேட் சட்டப்படி பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கின் ஒரு நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.