கம்போஸ்ட் வாளில புழு வந்தா ஃபினாயில் ஊத்தாதீங்க

போன வாரம் கீழ் வீட்டு அக்கா, சமையலறை குப்பைய உரமாக்க மொட்டை மாடில வச்சிருக்கற வாளி பக்கத்துல இருந்து போன் பண்ணி, "தம்பி, வாளி ஃபுல்லா புழு நெளியுது, ஃபினாயில் ஊத்திடட்டுமா"ன்னு கேட்டாங்க. ஊத்தாதீங்கக்கா, இதோ வரேன்னு சொல்லி மேல ஓடினேன்.

வாளிய திறந்தா ஒரு விரல் கணு நீளத்துல, சப்பையா, உடம்பு பூரா வரிவரியா நூத்துக்கணக்குல புழு. வெளிச்சம் பட்டதும் சரசரன்னு உள்ள புதையுது, காதை கிட்ட வச்சா உலை கொதிக்கற மாதிரி மெல்லிசா ஒரு சத்தம், அவ்ளோ வாயும் சேர்ந்து சாப்பிடற சத்தம் அது. கையை மேல காட்டினா சூடு கூட தெரியும். அருவருப்பாதான் இருக்கும், ஆனா இது வீட்டு ஈயோட புழு இல்ல, பிளாக் சோல்ஜர் ஃப்ளைன்னு ஒரு கருப்பு ஈயோட புழு.

அந்த ஈ பாக்க குளவி மாதிரி இருக்கும், ஆனா கொட்டாது, கடிக்காது, நம்ம சோத்து தட்டுலயும் வந்து உக்காராது. ஏன்னா புழுவா இருக்கும்போது சேத்து வச்ச கொழுப்புலயே பெருசானப்புறம் ஓட்டிடும், ஜோடி சேர்ந்து முட்டை போட்டா அதோட கதை முடிஞ்சுது. அந்த முட்டையையும் அழுகல் மேல போடாது, பக்கத்துல காஞ்ச இடுக்கு பாத்து ஒரே தடவைல சில நூறு போடும். பொரிஞ்ச குஞ்சு தானா ஊர்ந்து சாப்பாட்டுக்கு வந்துடும்.

ரெண்டு மூணு வாரத்துல அது பண்ற வேலை இருக்கே, மிச்ச சோறு, அழுகின தக்காளி, வாழைப்பழத் தோல் எல்லாத்தையும் தின்னு பாதிக்கும் கீழ கொண்டு வந்துடும், நெளிஞ்சு நெளிஞ்சு குப்பைக்குள்ள காத்து போக வழி பண்ணும், சால்மோனெல்லா மாதிரி கிருமியையும் குறைக்கும். இது நிறைய இருக்கற இடத்துல வீட்டு ஈ முட்டை போட தயங்கும்.

காத்து போறதுதான் இதுல பெரிய விஷயம். சென்னைல ஒரு நாளைக்கு 5000 டன்னுக்கு மேல குப்பை சேருது, அதுல பாதி கிட்ட சமையலறை சமாச்சாரம்தான், பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குல மலை மாதிரி குமிஞ்சு காத்து இல்லாம அழுகினா மீத்தேன் வரும், அது பத்திக்கற கேஸ். 2022 ஏப்ரல்ல பெருங்குடி கிடங்கு எரிஞ்சு நாள் கணக்கா புகைஞ்சது இந்த பக்கம் இருக்கறவங்களுக்கு மறந்திருக்காது. அங்க போக வேண்டிய குப்பையதான் இந்த புழு நம்ம மாடிலயே முடிச்சு விடுது.

ஆனா எல்லாத்தையும் தின்னாது. முருங்கைக்காய் சக்கை, தேங்காய் நார் எல்லாம் அப்படியே கிடக்கும், அத பூஞ்சையும் பாக்டீரியாவும் மாசக்கணக்குல மெதுவா கரைக்கணும். வாளில வெள்ளையா பஞ்சு மாதிரி படர்ந்தா அதுவும் கெட்டுப் போனது இல்ல, அவங்க ஷிஃப்ட் ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். நாத்தம் அடிச்சா மட்டும் ஈரம் ஜாஸ்தின்னு புரிஞ்சுக்கணும், காஞ்ச இலை ரெண்டு கை போட்டு கிளறினா போதும், அக்கா வாளிக்கும் அதத்தான் பண்ணோம்.

வளர்ந்து முடிஞ்ச புழு கருத்துப் போய், சாப்பாட்ட விட்டுட்டு காஞ்ச இடம் தேடி வெளிய ஏறும். நேத்து காலைல அக்கா கூப்பிட்டு காட்டினாங்க, வாளி விளிம்புல ஏழெட்டு கருப்பு புழு வரிசையா ஏறுது, கைப்பிடிச் சுவர்ல ரெண்டு மைனா காத்துட்டு இருக்கு.