43 டிகிரி காட்டுகிறதே, சூடு எங்கே?

"பித்தப்பை ஆபரேஷன் முடிந்து அம்மாவை வெளியே கொண்டுவந்தபோது உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. காகிதம் மாதிரி ஒரு போர்வையைப் போர்த்தி, குழாய் வைத்து அதற்குள் சூடான காற்றை ஊதினார்கள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டிலுக்கும் அதே மாதிரி ஒரு மெஷின் வந்தது. அதிலும் 43 என்றுதான் காட்டியது, ஆனால் அந்த அம்மாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. சர்வீஸுக்குப் போக வேண்டிய மெஷின் என்றார் நர்ஸ். பார்க்க ஹேர் டிரையர் போல இருக்கிறது, அதில் சர்வீஸ் செய்ய என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

நல்ல கேள்வி. முதலில் நடுக்கத்தைப் பார்த்துவிடுவோம். உடம்பின் நடுப்பகுதி எப்போதும் 37 டிகிரியை ஒட்டியே இருக்கும், கை கால்கள் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்துத்தான் உடம்பு இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது. மயக்க மருந்து ஏறியதும் அந்தக் குழாய்கள் விரிந்துவிடும். நடுவில் இருந்த சூடு கை கால்களுக்குப் பரவி, முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இறங்கிவிடும். ஆபரேஷன் தியேட்டரின் ஏசியும் திறந்த வயிறும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மயக்கம் தெளியும்போது மூளை விழித்துக்கொண்டு தசைகளை ஆட்டிச் சூடு உண்டாக்கப் பார்க்கிறது. நடுக்கம் என்பது அதுதான்.

உள்வெப்பம் 36-க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் கவனிக்க ஆரம்பிப்பார்கள். 1996-இல் குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 200 பேரை வைத்து நடந்த ஆய்வில், குளிர விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம்தான். 2022-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு, 35.5 டிகிரியில் வைத்தாலும் 37 டிகிரியில் வைத்தாலும் பெரிய சிக்கல்களில் வித்தியாசம் இல்லை என்று கண்டது. அரை டிகிரி இறங்கியதற்குப் பதற வேண்டாம், அதற்காக நோயாளியை அப்படியே குளிர விட்டுவிடவும் கூடாது என்றுதான் இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த நடுக்கத்தைப் பார்த்து "ஜன்னி கண்டுவிட்டது" என்று பயந்து, வீட்டிலிருந்து வெந்நீர்ப் பை கொண்டுவந்து காலடியில் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போன காலுக்குச் சுடுவது தெரியாது. தோல் வெந்து கொப்புளம் கிளம்பிய பிறகுதான் மற்றவர்களுக்கே தெரியவரும்.

சரி, மெஷினுக்கு வருவோம். 1980களில் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஸ்காட் அகஸ்டின் என்ற மயக்கவியல் மருத்துவர் 'பேர் ஹக்கர்' என்ற கருவியை உருவாக்கினார். இன்று பல கம்பெனிகள் செய்யும் வார்மர்களும் அதே ஜாதிதான். அடியில் ஃபில்டர், அதன் வழியாகக் காற்றை இழுக்கும் ப்ளோயர், ஹீட்டர் காயில், நீண்ட ஹோஸ், அதன் நுனியில் போர்வை. போர்வை இரண்டு அடுக்கு. காற்று புகுந்ததும் ஊதிக்கொண்டு, நோயாளியின் பக்கம் இருக்கும் பொடித் துளைகள் வழியே மெதுவாகக் கசியும். பெரும்பாலும் மூன்று அளவு இருக்கும்: 32, 38, 43 டிகிரி.

பக்கத்துக் கட்டில் மெஷினும் 43 என்றுதான் காட்டியது. பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது வெப்பநிலை, நோயாளிக்கு வேண்டியது வெப்பம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான், போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 20 லிட்டர் காற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை சுமார் 24 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய ஒரு ஜூல் வேண்டும். 20 டிகிரி அறைக்காற்றை 43-க்குக் கொண்டுபோக 23 டிகிரி ஏற்ற வேண்டும். 24-ஐ 23-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 552 ஜூல், அதாவது 552 வாட் வெப்பம் போர்வைக்குள் போகிறது. இப்போது ஃபில்டரில் தூசு அடைத்துக் காற்று பாதியாகிவிட்டது. ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் கரண்ட்டைக் குறைத்து, வெளியே வரும் காற்றை அதே 43-இல் நிறுத்திவிடும். திரையில் அதே எண், அதே பச்சை விளக்கு, அலாரமும் அடிக்காது. போர்வைக்குள் போவதோ 276 வாட்தான். அதோடு விட்டதா? அழுத்தம் போதாமல் போர்வை சரியாக உப்பாது, ஹோஸுக்குப் பக்கத்துத் துளைகளிலேயே காற்று கசிந்துவிடும், கால் பக்கம் போய்ச் சேர்வது ஆறிப்போன காற்று. அந்த அம்மா நடுங்கியதில் ஆச்சரியமே இல்லை.

மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும், எனக்குத் தெரிந்த ஒரு பயோமெடிக்கல் இன்ஜினியர் இப்படி ஒரு வார்மரைத் திறந்து காட்டினார். பழைய ஃபில்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது, பழைய தலையணைப் பஞ்சு போலச் சாம்பல் நிறத்தில், மடிப்புகளுக்குள் நூல் நூலாகத் தியேட்டர் துணிகளின் பிசிறு. "இதைத் தட்டிவிட்டு, ஊதிவிட்டு மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள் சார்" என்றார். அது கூடவே கூடாது. மைக்ரான் கணக்கில் துகள்களைப் பிடிக்கும் அந்த இழைவலை, ஊதினால் கிழியும். அப்புறம் அது பிடித்து வைத்த கிருமிகளே நோயாளியின் மேல் போகும். சில மாடல்களில் 500 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று எண்ணும் மீட்டர் மெஷினுக்குள்ளேயே இருக்கும்.

அடுத்து அவர் தொட்டது ஹோஸின் நுனியை. என்னை மயக்கிய இடம் இதுதான். புதிய மாடல்களில் வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, மிளகு அளவில். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டுகிற சாதாரண ரகம், 43-இல் சுமார் 4,700-க்கு வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 190 ஓம். இப்போது யோசியுங்கள். ஹோஸ் தினமும் பத்துத் தடவை வளைகிறது, நிமிர்கிறது, கட்டில் சக்கரத்தில் மாட்டுகிறது. உள்ளே ஓடும் மெல்லிய ஒயர் ஓரிடத்தில் நைந்து, 200 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? காற்று ஒரு டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று மெஷின் நம்பும். 44 டிகிரியை ஊதிக்கொண்டே 43 என்று காட்டும். ஒயர் முழுதாக அறுந்துவிட்டாலோ தடை எல்லையில்லாமல் போகும். அதை மெஷின் மொழியில் படித்தால் "பயங்கரக் குளிர், இன்னும் சூடேற்று" என்று அர்த்தம்!

அதனால்தான் நல்ல வடிவமைப்பில், நடக்கவே முடியாத அளவு தடை தெரிந்தால் அதைக் குளிராக எடுத்துக்கொள்ளாமல், பழுதாக எடுத்துக்கொண்டு ஹீட்டரை நிறுத்தச் சொல்லி எழுதியிருப்பார்கள். அந்த புரோகிராமே தவறினாலும் காப்பாற்ற, புரோகிராம் எதுவும் தேவைப்படாத இன்னொரு காவலாளியும் ஹீட்டர் பக்கத்தில் இருப்பதுண்டு. ஒருவகை, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்னத் தகடு. சூட்டில் ஒன்று அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். தகடு தாங்கித் தாங்கிப் பார்த்து, ஒரு கட்டத்தில் டக்கென்று மறுபக்கம் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அயர்ன் பாக்ஸில் நாம் கேட்கும் அதே 'டக்'. இதைச் சிலர் "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று ஒயர் போட்டு டைரக்ட் செய்துவிடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும் மனிதருக்குச் செய்யும் கொடுமை அது. ட்ரிப் ஆகிறதென்றால் ப்ளோயர் பேரிங் தேய்ந்து காற்று குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். அதைத்தான் தேட வேண்டும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. பிளக்கைப் பிடுங்கி, காயில் ஆறியபின் மல்டிமீட்டர் வைப்பார்கள். 230 வோல்ட்டில் 800 வாட் காயில் என்றால் சுமார் 66 ஓம் காட்ட வேண்டும். எர்த் லீக்கேஜ், அதாவது எர்த் ஒயர் வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பார்கள், ஹோஸில் ஓட்டை தேடுவார்கள். கடைசியில் போர்வையை மாட்டி ஓடவிட்டு, தனி தெர்மாமீட்டரால் நுனியில் அளந்து திரையோடு ஒப்பிடுவார்கள். காற்றுப் போர்வை தீர்ந்துவிட்டது என்று வெறும் ஹோஸைச் சாதாரணத் துணிப் போர்வைக்குள் நுழைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரே இடத்தில் சூடு பாய்ந்து தீக்காயம் ஆக்கும் என்று தயாரிப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பணம் ஒதுக்குவதில்தான் எனக்கு ஆதங்கம். இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யாமல் கிடந்தன. அதன்பிறகுதான் பராமரிப்புக்கென்று தேசிய அளவில் தனித் திட்டம் வந்தது. புது மெஷினுக்கு ரிப்பன் வெட்டும் நாளில் பத்து ஃபில்டரையும் சேர்த்து வாங்கிவிட்டால் என்ன?

அன்று அந்த இன்ஜினியர் புது ஃபில்டரை மாட்டி, அதன் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதினார். மணி மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். போர்வையை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் அது சரசரவென்று உப்பி மேசை நுனி வரை எழுந்தது. கால் பக்கத்தில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். கதகதவென்று இருந்தது.