மாவுக்கட்டு பிரித்த பிறகு யார் பார்ப்பது?

ஐம்பது வயதுக்கு மேல், சும்மா தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய், இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். ஒருமுறை முறிந்தவருக்கு அடுத்த முறிவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. மருத்துவ வழிகாட்டுதல்கள் எல்லாமே இதைச் சொல்கின்றன, டாக்டர்களுக்கும் தெரியாததில்லை. ஆனாலும் பெரும்பாலோருக்கு இதற்கான மருந்து கிடைப்பதே இல்லை.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, 'மணிக்கட்டு முறிவு, ஆறு வாரத்தில் கட்டு பிரிக்கப்படும்' என்று குடும்ப டாக்டருக்குக் கடிதம் அனுப்பிவிடுவார்; எலும்புப்புரை என்ற பேச்சே அதில் இருக்காது. குடும்ப டாக்டரிடம் ஒருவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதற்குள் சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், பழைய முறிவை யார் கிளறுவது? அவர் பார்த்துக்கொள்வார் என்று இவர், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவர்.

கிளாஸ்கோவில் 1999-ல் இதற்கென்றே ஒரு சேவை தொடங்கினார்கள். முறிவோடு வரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்வது நர்ஸின் வேலை. என்ன மருந்து தரலாம் என்ற பரிந்துரை குடும்ப டாக்டருக்குப் போய்விடும். சாதாரண யோசனைதான், ஆனால் பொறுப்புக்கு ஓர் ஆள் கிடைத்தார்.

ஸ்கேன் மட்டும் போதாது. ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டு ஸ்கேன் தரும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் கோடு போட்டது, ஆனால் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கும் நிறையவே முறிகிறது. ஷெஃபீல்டில் உருவாகி 2008-ல் வந்த ஃப்ராக்ஸ் கணிப்பான், வயது, ஸ்டீராய்டு, புகைப்பழக்கம், பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்றெல்லாம் கேட்டு, அடுத்த பத்தாண்டு ஆபத்தைச் சதவீதத்தில் சொல்லும். குடும்ப டாக்டர்களிடம் பதிவான 70 முதல் 85 வயதுள்ள 12,483 பெண்களை வைத்து இதைச் சோதித்த ஸ்கூப் ஆய்வில் (2018), இப்படி ஆபத்தைக் கணித்துப் பார்த்தவர்களுக்கு இடுப்பு முறிவு மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைந்தது. மொத்த முறிவுகளில் பெரிய மாற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, மருந்துச் சீட்டு எழுதியாயிற்று. எலும்பு தேய்வதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை 70 மில்லிகிராம், வாரம் ஒன்று: காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அப்புறம் அரை மணி நேரம் டீயும் கூடாது, படுக்கவும் கூடாது. உணவோடு போனால் மருந்து உடம்பில் சேராது, உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். இதை விளக்காமல் கொடுத்தால் நெஞ்செரிச்சல் என்று நிறுத்திவிடுவார்கள், வலி குறைந்தது போன்ற பலனும் கண்ணுக்குத் தெரியாதே! அதனால்தான் முறிவு நடந்த பதினாறு வாரத்துக்குள் ஒருமுறையும் ஓராண்டில் ஒருமுறையும் கூப்பிட்டு, மாத்திரை போடுகிறார்களா என்று விசாரிப்பதையும் பிரிட்டனில் இத்தகைய சேவைகளின் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.