குடியை விடப் பொருத்தனை பண்ணுகிறவர்கள் டாக்டரையும் பாருங்கள்

"டாக்டர், குடிப்பது பாவமா?" குடிநோய் சிகிச்சைக்கு வருகிற கிறிஸ்தவக் குடும்பங்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார், பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா. குடிக்கிறவரே வாய் திறந்தால் கேள்வி வேறு மாதிரி வரும்: "பவுலே கொஞ்சம் குடிக்கச் சொல்லியிருக்கிறாரே?" பாவமா இல்லையா என்று தீர்ப்பு சொல்வது மனநல மருத்துவனான என் வேலை இல்லை, அதைப் போதகர்களும் குருக்களும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இந்தக் கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்து சிகிச்சை வருடக்கணக்கில் தள்ளிப்போவதையும், சில பேருக்கு அது உயிராபத்தில் முடிவதையும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேதாகமம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 104ஆம் சங்கீதம் திராட்சரசம் (ஒயின்) மனிதனின் இருதயத்தை மகிழ்ச்சியாக்குகிறது என்கிறது, கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமாகிறது, இயேசுவையே மதுபானப்பிரியன் என்று ஏசியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கடவுளுக்குத் தன்னை அர்ப்பணிக்கும் நசரேய விரதம் இருப்பவர் திராட்சப்பழத்தைக்கூடத் தொடக்கூடாது, ரேகாபியர் என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் குடிக்காமல் இருந்ததைக் கர்த்தர் எரேமியா மூலம் பாராட்டுகிறார், யோவான்ஸ்நானகன் பிறக்கும் முன்பே அவருக்கு மது கூடாது என்று சொல்லப்படுகிறது. ஆனால் வெறிக்கக் குடிப்பதை வேதம் எங்குமே ஆதரிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எந்தச் சபைக்கும் சண்டை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி நீதிமொழிகள் 23, வசனம் 29 முதல் 35 வரை. ஏதோ ஒரு பழைய மருத்துவரின் கேஸ் ஷீட்டைப் படிப்பது போலவே இருக்கும். காரணம் தெரியாத காயங்கள், சிவந்துபோன கண்கள், சண்டை, புலம்பல். கண் முன்னே வினோதமான காட்சிகள், நடுக்கடலில் பாய்மரத்தின் உச்சியில் படுத்திருப்பது போன்ற தள்ளாட்டம். அப்புறம், "என்னை அடித்தார்கள், எனக்கு வலிக்கவே இல்லை" என்கிறான், அதாவது நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியாது. இவ்வளவும் பட்ட பிறகு அவன் கடைசியாகச் சொல்வது, எப்போது விழிப்பேன், மறுபடியும் அதையே தேடுவேன் என்பதுதான். அடிமைத்தனத்தின் முக்கியமான அடையாளமாக இன்றைக்கு நாங்கள் பார்ப்பதும் இதைத்தான்: கேடு என்று தெரிந்த பிறகும் நிறுத்த முடியாமல் தேடிப் போவது. இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தாமல், வீட்டில் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்கவும் பயன்படுத்தினால் நிறையப் பேர் சீக்கிரமே எங்களிடம் வருவார்கள்.

சரி, பவுலே கொஞ்சம் குடிக்கச் சொன்னாரே என்ற கேள்விக்கு வருவோம். அவர் தன் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதிய அந்த வசனத்தை முழுசாகப் படியுங்கள். இனி தண்ணீர் மாத்திரம் குடியாமல், உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார் பவுல். அப்படியானால் தீமோத்தேயு அதுவரை தொடாமல் இருந்தவர், ஒருவர் எடுத்துச் சொல்லித்தான் குடிக்க வைக்க வேண்டியிருந்தது. என் முன்னால் உட்கார்ந்து இந்த வசனத்தைச் சொல்கிறவருக்கு அப்படி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை இல்லை! சுத்தமான தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லாத காலத்தில் ஒரு தனிமனிதரின் வயிற்றுக் கோளாறுக்குச் சொன்ன யோசனை அது. இன்றைக்கு இரைப்பைப் புண்ணோடு வருகிறவருக்கு எந்த மருத்துவரும் மதுவை எழுதிக் கொடுக்க மாட்டார். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது.

முழு மதுவிலக்குதான் ஆதியிலிருந்தே கிறிஸ்தவர்களின் பொது நிலைப்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் சரியில்லை. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகள் அளவோடு குடிப்பதை அனுமதித்தே வந்திருக்கின்றன. வடித்து இறக்கும் கடுமையான சாராயங்கள் மலிவாகிக் குடும்பங்களை அழிக்கத் தொடங்கிய பிறகுதான் பேச்சு மாறுகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1743-இல் போட்ட விதிகள், மிகவும் அவசியமான நேரம் தவிர அந்தச் சாராயங்களைக் குடிக்கவோ விற்கவோ வாங்கவோ கூடாது என்றன. 19ஆம் நூற்றாண்டில் அது எல்லா மதுவுக்கும் பொருந்தும் முழு விலக்காக வளர்ந்தது. கத்தோலிக்கர்களும் இதில் பின்தங்கவில்லை, அயர்லாந்தில் 1838-இல் தியோபால்ட் மேத்யு என்ற குருவானவர் தொடங்கிய இயக்கத்தில் ஏராளமானோர் உறுதிமொழி எடுத்தார்கள். 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட், திராட்சைச் சாறு புளிக்காமலிருக்க அதைச் சூடாக்கிப் பதப்படுத்தினார். அது, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்காகச் செய்தது. இரட்சணிய சேனை, ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள், பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் இன்றும் மதுவைத் தொடுவதில்லை.

என் அனுபவத்தில் இரண்டு நிலைப்பாட்டிலும் குடிநோயாளி ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. அளவோடு குடிக்கலாம் என்கிற சபையில், "நானும் அளவோடுதான்" என்று அவர் வருடக்கணக்கில் ஓட்டிவிடுவார். ஒரு கிளாஸோடு நிறுத்த முடிகிறவருக்கு அளவு என்ற பேச்சு பொருந்தும். அந்தக் கட்டுப்பாட்டை இழந்தவருக்கு முழுசாக விடுவதுதான் பாதுகாப்பு. தொடவே கூடாது என்கிற சபையிலோ அவமானத்துக்குப் பயந்து மறைப்பார், குடும்பமும் சேர்ந்து மறைக்கும், கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

அடுத்தது பொருத்தனை, அதாவது கடவுளிடம் செய்கிற உறுதிமொழி. ஜெபக்கூட்டத்தில் அழுது, இனி தொட மாட்டேன் என்று பொருத்தனை பண்ணிவிட்டு வீட்டுக்குப் போகிறார். மனம் மாறியது உண்மைதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகிய மூளை திடீரென்று மது நின்றால் கொந்தளிக்கும். சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையில் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை வரலாம்: இடம், நேரம் தெரியாது, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தெரியும், காய்ச்சல் அடிக்கும், கத்துவார், ஓடப் பார்ப்பார். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகலாம்.

இதைப் பார்க்கிற குடும்பம் என்ன நினைக்கும்? விட்டதால் பிசாசு கோபப்பட்டு வந்துவிட்டது என்று நினைக்கும். கட்டிப்போட்டு உபவாச ஜெபம் நடத்தி மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து, ஜெபத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் நடுக்கத்தை அடக்கவே குடிக்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், தினமும் நிறையக் குடிக்கிறவர், இவர்கள் யாரும் வீட்டிலேயே தானாக நிறுத்தக்கூடாது. கொந்தளிப்பை அடக்க மாத்திரையும், மூளையைக் காக்கத் தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுத்துச் சில நாள்கள் கவனித்தால் பெரும்பாலும் பத்திரமாகக் கடந்துவிடலாம்.

விட்டவர்களுக்கு அடுத்த தயக்கம் திருவிருந்து. திராட்சைச் சாறு கொடுக்கிற சபையில் பிரச்சினை இல்லை. கத்தோலிக்கர்கள் அப்ப வடிவில் மட்டும் வாங்கினாலே கிறிஸ்துவை முழுமையாகப் பெறுகிறார்கள் என்பது திருச்சபையின் போதனை, கிண்ணத்தைத் தவிர்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. குருவானவரே குடிநோயிலிருந்து மீண்டவராக இருந்தால், உரிய அனுமதியோடு, ஏறக்குறையப் புளிக்காத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. மது பட்டாலே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் போதகரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு வாய் திராட்சரசம்கூட முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரை கொண்டுபோகலாம், மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். விட்டு ஒரு மாதம்கூட ஆகாதவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். முதல் சில மாதங்களில்தான் மறுபடி விழுவது அதிகம். எல்லார் முன்பும் விடுதலையானேன் என்று சொன்னவர் அப்படி விழுந்துவிட்டால் சபைக்குத் திரும்பவே கூசுவார், சபைக்கு வராதவர் என் கிளினிக்குக்கும் வரமாட்டார். ஒரு வருடமாவது போகட்டும். அதுவரை சபையில் முன்பே மீண்டு வந்த யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தால் போதும், மறுபடி குடித்துவிட்ட வாரத்திலும் போக வேண்டும்.