ஏற்காட்டு பீரோவில் பூசணம் ஏன் பூக்கிறது?

சேலத்தில் பல ஆண்டுகள் பழுதின்றி இருந்த வெண்பட்டு வேட்டி, குடும்பம் ஏற்காட்டுக்குக் குடிபெயர்ந்த முதல் மழைக்காலம் முடிவதற்குள் மடிப்போரங்களில் சாம்பல் நிறப் புள்ளிகளோடு வெளியே வருவது மலைவீடுகளில் புதிய செய்தி அல்ல. அந்த பீரோவைப் பராமரித்தவர் அசட்டையானவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது. துணிகள் ஒரே அகலத்தில் மடிக்கப்பட்டு, பின்தகட்டைத் தொடும்வரை நெருக்கி அடுக்கப்பட்டு, கதவு இறுகச் சாத்தப்பட்டிருக்கும். பார்வைக்குச் சீராக இருக்கும் அந்த அடுக்குத்தான் பூஞ்சை வளர்வதற்கு வேண்டிய ஈரத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது.

இது நிகழும் விதம் காற்றிலிருந்து தொடங்குகிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 பாகையில் அந்த வரம்பு 17 கிராமாகக் குறைந்துவிடுகிறது. அந்த வரம்பில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்துக் காற்று, 1,500 மீட்டருக்கும் சற்று மேலான ஏற்காட்டை எட்டுவதற்குள் விரிந்து குளிர்வதால், அது சுமந்துவரும் நீராவி புதிதாகக் கூடாவிட்டாலும் ஒப்பு ஈரப்பதம் ஏறிவிடுகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருபவரின் மூக்குக்கண்ணாடியில் படியும் பனிமூட்டம் இந்தக் கணக்கின் கடைசி வரிதான்.

வீட்டுக்குள் அதே கணக்கு சிறிய அளவில் மறுபடி நடக்கிறது. அறையின் நடுவில் 22 பாகையும் 70 சதவீத ஒப்பு ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். பூஞ்சைக்கு இது அவ்வளவு வசதியான நிலை அல்ல. ஆனால் மழையில் நனைந்த வெளிச்சுவரோ மலைச்சரிவை வெட்டி எழுப்பிய பின்சுவரோ 17 பாகையில் இருந்தால், அந்தச் சுவரைத் தொட்டு நிற்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். பூஞ்சை வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உள்ளவை. அவை முளைப்பதற்குச் சொட்டும் தண்ணீர் தேவையில்லை, பொருளின் மேற்பரப்பில் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் சில நாட்களோ சில வாரங்களோ நீடித்தாலே போதும். சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு பீரோவின் பின்தகடு சுவரின் குளிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்துகிறது; தகட்டை அழுத்தி நிற்கும் துணியடுக்கு, அறையின் வெதுவெதுப்பான காற்று அங்கே சென்று சுழல்வதையும் தடுத்துவிடுகிறது.

இந்த அளவைக் கண்டறியக் கருவி வாங்க வேண்டும் என்பதில்லை, சமையலறையிலேயே ஒன்று இருக்கிறது. தூய சமையல் உப்பு, ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். (மெக்னீசியம் குளோரைடு கலந்த கல் உப்பு அதற்கு வெகு முன்பே கசியும் என்பதால், அதை வைத்துச் சுவரைக் குறை சொல்லக் கூடாது.) ஒரு தேக்கரண்டித் தூள் உப்பைச் சிறு கிண்ணத்தில் இட்டு பீரோவின் அடித்தட்டில் பின்பக்கமாக ஒரு வாரம் வைத்துப் பார்த்தால், அந்த மூலை துணி வைக்கத் தக்கதா என்பது தெரிந்துவிடும்.

எதை எந்தத் தட்டில் வைப்பது என்ற கேள்விக்கு, துணி யாருடையது என்பதைவிட எந்த இழையால் ஆனது என்பதே மலைவீட்டில் பொருத்தமான அளவுகோல் என்பது என் கருத்து. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போதே பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8 சதவீதமும், பட்டு சுமார் 11 சதவீதமும் நீரை ஏற்றுக்கொள்கின்றன. பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. ஆகவே குளிர்ந்த பின்பக்கத்துக்கும் அடித்தட்டுக்கும் பாலியெஸ்டர் துணிகள் போதும். பட்டும் பருத்தியும் மேல்தட்டுகளில் முன்பக்கமாக இருக்க வேண்டும். கஞ்சி போட்ட புடவையை மட்டும் எந்தத் தட்டிலும் நெடுநாள் வைக்கக் கூடாது. சேலத்து ஆலைகளிலிருந்து வரும் ஜவ்வரிசியைக் காய்ச்சி ஊற்றும் கஞ்சி வெறும் மாவுச்சத்து என்பதால், பூஞ்சைக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அது விருந்து. மழைக்காலத்துக்கு முன் அலசிக் கஞ்சியை நீக்கி, நன்கு உலர்த்தி வைத்தால் துணி தப்பும்.

முன்னும் பின்னுமாக அடுக்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்திய பொருளைத் திரும்ப வைக்கும்போது எப்போதும் வரிசையின் முன்னால் வைத்துவிடுவது என்பது கணினி அறிவியலில் நன்கு ஆராயப்பட்ட ஒரு முறை. அடுத்து எது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்த ஒருவர் அடுக்கினாலும், தேடுவதற்கு ஆகும் உழைப்பில் இந்த எளிய முறை அவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் போகாது என்பதை 1985-இல் டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும் கணித முறையில் நிறுவினார்கள். சேலத்து வீட்டுக்கு இந்த ஒரு விதியே போதுமானது. ஏற்காட்டிலோ, இவ்விதி பின்னுக்குத் தள்ளும் பொருள்களே காற்றுப் படாமலும் கை படாமலும் குளிர்ந்த தகட்டருகே கிடந்து பூசணம் பிடிப்பவை. அடிக்கடி எடுக்கப்படும் சட்டை, எடுக்கப்படும்போதே உதறப்பட்டு உலர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் கல்யாணப் பட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே வரிசையின் கடைசியில் சேர்பவற்றை அவ்வப்போது பிரித்து, அறையிலேயே மிகவும் உலர்ந்த உட்சுவர் அலமாரிக்கு மாற்றும் வேலையும் அந்த விதியோடு சேர வேண்டும்.

காப்பித் தோட்டத்துக் கிடங்குகளில் இதைப் பழக்கத்தால் அறிந்திருக்கிறார்கள். பத்துப் பதினொரு சதவீத ஈரம்வரை காயவைத்த காப்பிக்கொட்டை மூட்டைகளை வெறுந்தரையில் போடாமல் மரப்பலகைமேல் அடுக்கி, சுவருக்கும் மூட்டைக்கும் இடையே இடம் விடுவார்கள். பீரோவையும் அவ்வாறே கட்டைமேல் தூக்கி நிறுத்தி, சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது நகர்த்தி, தட்டுகளில் கால்பங்கு இடத்தைக் காலியாக விடுவதே செலவில்லாத முதல் மருந்து. பனிமூட்டத்தில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் துணியில் படியும் என்பதால், காலையில் அல்லாமல் வெயில் ஏறிய நண்பகலில் கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

அந்துருண்டையின் பயனை அதன் பெயரே சொல்லிவிடுகிறது: திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும் நாப்தலீன் அந்துப்பூச்சியைக் கொல்லும், ஈரத்தை உறிஞ்சாது. ஈரத்தை இழுக்க வேண்டுமானால் சிலிக்கா ஜெல் வேண்டும். அதன் நுண்துளைகளின் பரப்பில் நீர் ஒட்டிக்கொள்கிறது. நீலமாக இருந்தது இளஞ்சிவப்பாக மாறினால் நிரம்பிவிட்டது என்று பொருள். சுமார் 120 பாகையில் சூடாக்கினால் மீண்டும் பயன்படும், ஆனால் நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. திறந்த அலமாரியில் அதை வைப்பது மலைக்காற்று முழுவதையும் உலர்த்த முயல்வதற்குச் சமம் என்பதால், இறுக மூடும் டப்பாவுக்குள் மட்டுமே அது பயன்தரும். சேலத்து வெள்ளிக் கொலுசுக்கு அத்தகைய டப்பா ஏற்றது. ஆனால் கொலுசை ரப்பர் வளையம் போட்டு வைத்தால், ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகி, வளையம் பட்ட இடம் மட்டும் கறுத்துப்போகும்.