மரம் மக்காமல் காக்கும் மண்

மழையும் பனியும் மாறி மாறி அடிக்கிற ஊரில், மரத்தையும் களிமண்ணையும் வைத்துக் கட்டிய வீடு எப்படி நூற்றாண்டுக்கணக்கில் நிற்கிறது? வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஜெர்மன் வீடுகளின் படத்தைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. ஃபாக்வெர்க் என்பது அந்தக் கட்டுமானத்தின் பெயர். 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த குவெட்லின்பர்க் நகரில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்ட இத்தகைய வீடுகள் இருக்கின்றன. அங்கே வோர்ட்காஸ தெருவில் நிற்கும் வீடு 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

பாரம் முழுவதையும் மரச்சட்டமே தாங்குகிறது. அடியில் படுக்கைக் கட்டை, மேலே உத்தரம், நடுவில் தூண்கள். சட்டம் சாயாமலிருக்கச் சாய்வுக் கட்டைகள். இணைப்புகளில் ஆணி கிடையாது, ஓக் முளைதான். சட்டங்களுக்கு இடையே உள்ள கட்டங்களில் ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் அல்லது வில்லோ கிளைகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை இருபுறமும் அப்புவார்கள். இதுவரை அதிசயம் ஒன்றுமில்லை.

சிக்கல் மரமும் மண்ணும் சந்திக்கும் கோட்டில் இருக்கிறது. 20 செ.மீ. அகலமுள்ள ஓக் கட்டை தன் ஈர அளவு 3 சதவீதப் புள்ளி குறைந்தாலே ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ. வரை சுருங்கும். அதாவது, ஓரத்தில் எப்போதும் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும், மழைநீர் அதில் இறங்கத்தான் செய்யும். இறங்கிய நீர் அங்கேயே தங்குகிறதா என்பதுதான் கேள்வி. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும்.

களிமண் அந்த நீரைத் தங்க விடுவதில்லை. அதன் நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இடுக்கிலிருக்கும் நீரை இழுத்து, கட்டம் முழுக்கப் பரப்பிவிடுகின்றன. ஒரு கோட்டில் தேங்கியிருந்த ஈரம் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஆவியாகிவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழுதுபார்த்தபோது பல வீடுகளில் மண்ணை எடுத்துவிட்டு சிமென்ட் பூசினார்கள். அடர்ந்த சிமென்ட் நீரை இழுப்பதும் மெதுவாகத்தான், காயவிடுவதும் மெதுவாகத்தான். இடுக்கை சிலிக்கோன் வைத்து அடைப்பது அதைவிட மோசம்: மரம் சுருங்கும்போது பசை ஒருபக்கம் பிய்ந்துகொள்ளும், நீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. வெளியே பளபளவென்று வண்ணம், உள்ளே விரல் வைத்தால் பொடியாகும் ஓக்!

அதனால்தான் அனுபவமுள்ள கொத்தனார் வெளிப்பூச்சை மரத்தின் மட்டத்தோடு நிறுத்துவார். துருத்திக்கொண்டு நின்றால் அது நீர் தேங்கும் திண்ணை ஆகிவிடும். ஈரம் காயுமுன் மரத்தை ஒட்டிக் கரணை நுனியால் ஒரு கீறல் போட்டு, பூச்சையும் மரத்தையும் பிரித்தும் விடுவார். விரிசல் வந்தால் அந்தக் கோட்டில் வரட்டும் என்று.

அதே மண் இன்று ஜெர்மனியில் புது வீடுகளின் உட்புறத்துக்கும் திரும்பியிருக்கிறது. 2013 முதல் களிமண் பூச்சுக்கு டிஐஎன் 18947 என்ற தரநிர்ணயமே உண்டு. அதன் உயர்ந்த வகுப்புப் பூச்சு, காற்றின் ஈரப்பதம் 50-இலிருந்து 80 சதவீதத்துக்கு ஏறினால், 12 மணி நேரத்தில் சதுர மீட்டருக்குக் குறைந்தது 60 கிராம் நீரை வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, உயரம் இரண்டரை மீட்டர். கதவு, ஜன்னல் போகச் சுவர் 30 சதுர மீட்டர் என்றால் 1,800 கிராம். அந்த அறையின் காற்று, 20 டிகிரி வெப்பத்தில் அதே உயர்வுக்குப் பிடித்துக்கொள்வது சுமார் 200 கிராம்தான். காற்றைவிட ஒன்பது மடங்கு! காரணம் தாள்களை அடுக்கியது போன்ற களிமண் கனிமத்தின் அமைப்பு. மாண்ட்மோரில்லோனைட் வகையில் ஒரு தாளின் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். ஒரு கிராமின் பரப்பு 700 சதுர மீட்டர் வரை போகும். எதிர்மின் ஏற்றமுள்ள அந்தப் பரப்புகளில் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன, காற்று வறண்டதும் விலகிவிடுகின்றன.

இதை ‘சுவர் மூச்சுவிடுகிறது’ என்று விற்பவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மியூனிக்கின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் சுவர் வழியே காற்று போய்வருவதாக நம்பியதில் கிளம்பிய பேச்சு அது. பூசிய சுவர் வழியாகக் கடக்கும் காற்று மிகச் சொற்பம் என்று பின்னால் அளந்து காட்டிவிட்டார்கள். சுவர் செய்வது ஈரத்தைக் கடன் வாங்கித் திருப்பித் தருவது மட்டும்தான், ஆகவே ஜன்னலைத் திறந்தாக வேண்டும். அயனி, அலை என்று பேசும் மண்வண்ண வியாபாரிகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

பூசும்போது அடிப்பூச்சு 10 முதல் 15 மி.மீ., மேல்பூச்சு 2 முதல் 3 மி.மீ. போதும், ஒரு நாளின் ஈர ஏற்ற இறக்கத்தில் பங்கெடுப்பது முதல் ஒன்றரை சென்டிமீட்டர்தான். சுவர் வழுவழுப்பாக இருந்தால் முதலில் மணல் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு தகடாகக் கழன்று வரும். சிமென்ட்போல இது இறுகுவதில்லை, காய மட்டுமே செய்கிறது. ஜன்னலைச் சாத்திவைத்து வாரக்கணக்கில் ஈரமாக விட்டால் உள்ளிருக்கும் வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கும். மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்தால் பட்டபாடு வீண், துளைகள் அடைந்துவிடும். சுண்ணாம்பு, கேசின் (பால் புரதம்), களிமண் வண்ணம் இவற்றில் ஒன்றுதான் சரி. குளியலறையில் தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஓடு பதிப்பதே நல்லது. நாற்காலி இடித்துப் பள்ளம் விழுந்தால் ஈரப் பஞ்சால் ஊறவைத்து, அதே மண்ணைக் கொஞ்சம் குழைத்து அப்பித் தேய்த்துவிட வேண்டியதுதான்.