ஸ்பான்சருக்குச் சரி சொல்லும் முன்

யூடியூபில் ஒரு வீடியோ எட்டு நிமிடத்தைத் தொட்டால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். 2020 ஜூலைக்கு முன்பு இந்த எல்லை பத்து நிமிடமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய சமையல் குறிப்பு நீண்டுகொண்டே போவதற்கு இது முக்கியக் காரணம். விளம்பரத்துக்குப் பெரிதாகப் பொருந்தாது என்று யூடியூப் கருதும் வீடியோவுக்கு இடும் மஞ்சள் டாலர் குறி விழுந்தால் விளம்பரம் குறையும் அல்லது நின்றேபோகும் என்பதால், வன்முறை, போதை போன்றவற்றைப் பற்றிப் பேச வேண்டிய சேனல்கள்கூட வாய் திறக்கத் தயங்குகின்றன. இது சமூகத்துக்கு உண்மையான இழப்பு.

நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் படைப்பாளிக்கு 55 சதவீதம் வருகிறது. ஷார்ட்ஸில் கைக்கு வருவது சொற்பம். ஆகவே சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் நேரடி ஸ்பான்சரைத் தேடுகிறார்கள். பெரிய சிக்கல்கள் தொடங்குவது அங்கேதான்.

காசு வாங்கினாலும், இலவசமாகப் பொருள் வாங்கினாலும், தள்ளுபடி பெற்றாலும் அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 விதிகள் இதற்கு நேரக் கணக்கே வைத்திருக்கின்றன: 15 நொடிக்குள் முடியும் வீடியோவில் குறைந்தது 3 நொடி, இரண்டு நிமிடம் வரை என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் போனால், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் 'விளம்பரம்' என்ற எழுத்து திரையில் இருக்க வேண்டும். யூடியூபில் கட்டண விளம்பரப் பெட்டியை டிக் செய்துவிட்டோம், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அறிவிப்பு தொடக்கத்தில் 10 நொடி மட்டுமே தெரியும். ஸ்பான்சர் பகுதி ஐந்தாவது நிமிடத்தில் வந்தால் அதனால் பயனில்லை.

தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகும். ஓராண்டு வரை விளம்பரம் செய்யத் தடையும் வரலாம். ஆனால், சொல்லப்படும் தகவலை முன்கூட்டியே உரிய கவனத்துடன் சரிபார்த்தவருக்கு அதே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எனவே தைலமோ சத்துமாவோ, 'ஒரே வாரத்தில் பலன்' என்று பேசச் சொன்னால் ஆய்வறிக்கையையும் உரிம எண்ணையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. தராவிட்டால் அந்த வரியைப் பேசாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு என்றால் யோசிக்கவே வேண்டாம்: 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதை விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறையோ 50 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ வைத்திருக்கிறது.

அடுத்தது ஒப்பந்தம். 'எல்லா ஊடகங்களிலும், காலவரையறையின்றி' என்ற ஒரு வரி போதும், ஒரு ரீலுக்குக் காசு கொடுத்தவர் உங்கள் முகத்தை வருடக்கணக்கில் விளம்பரமாக ஓட்டலாம். அதை 30 நாள் அல்லது 90 நாள் என்று மாற்றி, நீட்டித்தால் தனிக் கட்டணம் என்று எழுதுங்கள். 'போட்டி நிறுவனங்களுக்குச் செய்யக் கூடாது' என்றால் எந்தெந்த நிறுவனங்கள், எத்தனை நாள் என்பதைப் பெயரோடு கேளுங்கள். திருத்தம் இரண்டு முறை மட்டும் என்று வரம்பு கட்டுங்கள். வீடியோ எடுத்த பிறகு அவர்கள் பின்வாங்கினால் எவ்வளவு தருவார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பரிசாக வந்த கைபேசியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் அது வருமானம். ஒரே நிறுவனம் ஓராண்டில் தரும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு. 2022 ஜூலை முதல் இதுதான் நடைமுறை.

பணம் இழுத்தடிக்கப்படுவதுதான் இந்தத் தொழிலின் தீராத தலைவலி. இதற்கு உதவுவது உத்யம், அதாவது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. அது இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்திலேயே முடியும். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வேலையை ஒத்துக்கொள்ளும் முன்பே பதிவை முடித்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லின் தலைப்பிலும் போடுங்கள்.